பதுளை வரைக்கும் ஒரு டிக்கெட்

டிசம்பர் பிறந்தால் எங்கள் முதலாளிக்குச் சிரிப்புச் செய்தி வேண்டும். பழைய வாடிக்கையாளர்களுக்கு நத்தார் வாழ்த்தோடு ஒரு நீண்ட கடிதம் அனுப்புவது அவர் வழக்கம். அந்த வருடம் யார் யார் வந்தார்கள், யாரை அட்டை கடித்தது, வான் எந்தத் தோட்டத்துச் சேற்றில் புதைந்தது, அதைத் தூக்கிவிட்டவர்களுக்கு என்ன கொடுத்தோம் என்றெல்லாம் அதில் இருக்கும். சங்கதிகளைச் சேர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. என்னை வேலைக்கு எடுத்தது கணக்கு எழுதத்தான். ஆனால் மூன்று பேர் இருக்கிற கம்பனியில் கணக்கு எழுதுகிறவன்தான் கோச்சிக்கு டிக்கெட் எடுக்கவும், வெள்ளைக்காரருக்கு மழைக்கோட்டு தேடவும், செய்தி பொறுக்கவும் வேண்டும்.

கம்பனி என்பது பண்டாரவளையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடி. இரண்டு மேசை, ஒரு தொலைபேசி, சுவரில் மலைநாட்டு ரயில் பாதையின் பழைய படம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து சோதனைச் சாவடிகள் கொஞ்சம் தளர்ந்த காலத்தில் முதலாளி அதைத் தொடங்கினார். அவர், டிரைவர் அண்ணன், நான். தேவைப்படுகிற நாளில் தோட்டத்துப் பையன்கள் இரண்டு மூன்று பேர். கடற்கரைக்குக் கூட்டிப்போக மாட்டோம். யானை காட்ட மாட்டோம். சீகிரியா கேட்டு வருகிறவர்களுக்கு வேறொரு கம்பனியின் விலாசத்தை எழுதிக் கொடுத்து முதலாளி கும்பிட்டு அனுப்பிவிடுவார். எங்கள் தொழில் இரண்டே இரண்டு: ரயிலும் தேயிலைத் தோட்டமும்.

ரயிலைக் காட்டியே பிழைக்கலாம் என்பது அவர் கண்டுபிடிப்பில்லை. 1980களிலிருந்தே கொழும்பில் ஒரு கம்பனி 'வைஸ்ரோய் ஸ்பெஷல்' என்ற பெயரில், நீராவி எஞ்சின் பூட்டிய தனி ரயிலை வெளிநாட்டு ரசிகர்களுக்காக ஓட்டிவந்தது. அது பெரிய கைகளின் வேலை. எங்களிடம் எஞ்சினும் இல்லை, பெட்டியும் இல்லை. எல்லோரும் போகிற ரயிலில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுத்துக் கொடுப்போம், பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வோம்.

முதலாளிக்கு ஒரு கொள்கை இருந்தது. கொழும்பிலிருந்து வருகிறவர் யாராயிருந்தாலும் எல்ல ஸ்டேசனில் இறங்கக் கூடாது. அங்கே முக்கால்வாசிக் கூட்டம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடும். குட்டிச் சிவனொளிபாத மலை, எல்லப் பாறை, இராவணன் நீர்வீழ்ச்சி என்று பார்க்க நிறைய இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் ரயில் பாதையின் உண்மையான வித்தைகள் எல்லவுக்கு அப்பால்தான் ஆரம்பிக்கின்றன. கோட்டுவலையில் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் நிற்கிறது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்பே இல்லை. பாலத்தின் படத்தை உலகமே எடுக்கிறது. அதன்மேல் ரயிலில் போகிறவர்கள் குறைவு, ஏனென்றால் படம் எடுக்க வேண்டியவர்கள் முந்தின ஸ்டேசனிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

அதற்கு அடுத்தது தெமோதரை. ஒரு மலையைச் சுற்றிக் கொண்டு இறங்குகிற பாதை, தன் தலைக்கு மேலேயே போட்ட தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. ஸ்டேசன் மேலே, சுரங்கம் கீழே. 1894இல் பண்டாரவளை வரை வந்துவிட்ட ரயில், பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924 ஏப்ரல் 5ஆம் திகதி. முப்பது வருடம் எங்கே போயிற்று என்று கேட்கிறவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் போதும். இவ்வளவு சரிவில் ரயிலை எப்படி இறக்குவது என்று பொறியியலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. பார்த்தவர் டி. ஜே. விமலசுரேந்திர என்பார்கள். கதை உண்மையோ இல்லையோ, வருகிறவர்களுக்கு அதைச் சொல்லாமல் நாங்கள் விட்டதில்லை. பொறியியலாளருக்குப் பெயர் இருக்கிறது, கங்காணிக்குப் பெயர் இல்லை என்பதை டிரைவர் அண்ணன் ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொல்வார். அதை மட்டும் நான் ஆங்கிலத்தில் கொஞ்சம் மெதுவாகச் சொல்வேன்.

தெமோதரையில் எங்கள் விருந்தினர்கள் செய்த கூத்துகளைத் தனிப் புத்தகமாகப் போடலாம். தண்டவாளத்தின் அகலத்தை அளக்க நாடா கொண்டுவந்தவர் உண்டு. ஐந்தடி ஆறு அங்குலம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவருக்கு அளந்துதான் பார்க்க வேண்டுமாம். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தன. சரியாக இருந்தது என்றதும் கை தட்டின. மேலே ரயில் புறப்படுவதையும் படம் எடுக்க வேண்டும், அதே ரயில் கீழே சுரங்கத்திலிருந்து வெளிவருவதையும் படம் எடுக்க வேண்டும் என்று சரிவில் ஓடி இறங்கிய வயதான தம்பதி உண்டு. புருஷன் முந்தினார். பெண்சாதி தேயிலைச் செடிக்குள் விழுந்து, எழும்பாமலேயே படத்தை எடுத்தார். நல்ல படம் அவருடையதுதான்.

டெப்லட் என்று ஒன்று இருக்கிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு ஸ்டேசனிலும் டிரைவர் ஒரு வில்லையை ஒப்படைத்து அடுத்த துண்டுப் பாதைக்கான வில்லையை வாங்கிக்கொண்டு போவார். பெரிய வளையத்தில் தோல் பை, அதற்குள் வில்லை. அது கையில் இல்லாமல் ரயில் நகரக் கூடாது. இங்கிலாந்தில் இதையெல்லாம் பெரும்பாலும் நூதனசாலையில் வைத்துவிட்டார்களாம். நம்முடைய ஸ்டேசன் உத்தியோகத்தர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டாவி விட்டபடி நடந்து வருவதைப் பார்த்து ஒரு மனிதர் கண்கலங்கினார். உத்தியோகத்தர் பயந்துபோய், "சேருக்கு ஏதும் சுகமில்லையா?" என்று என்னைக் கேட்டார்.

முதலாளியின் டிசம்பர்க் கடிதங்களில் அதிகம் பேசப்பட்டது வடை விவகாரம். ரயில் ஓசையை மட்டும் பதிவு செய்கிறவர் ஒருவர் வந்தார். படம் வேண்டாம், சத்தம் போதும். மேற்கு ஜெர்மனியிலிருந்து 1979 வாக்கில் வந்த எம்6 எஞ்சின் ஏற்றத்தில் திணறுவதை, நானுஓயாவிலிருந்து பட்டிப்பொல உச்சி வரை விடாமல் பிடிக்க வேண்டும் என்று ஜன்னலுக்கு வெளியே ஒலிவாங்கியைக் கட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். எங்களையும் பேசவிடவில்லை. பட்டிப்பொல ஏறக்குறைய 1,900 மீற்றர், இலங்கையிலேயே உயரத்தில் இருக்கிற ஸ்டேசன். அதுவரை எஞ்சின் படுகிற பாடு கேட்கத் தக்கதுதான். ஆனால் பெட்டிக்குள் வடைக்காரர் இருக்கிறாரே, அவரை யார் நிறுத்துவது? "வடே, வடே, இஸ்ஸோ வடே" என்று ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். ஊருக்குத் திரும்பியவர் சில மாதம் கழித்து எழுதினார்: எஞ்சின் சத்தம் தன்னிடம் நிறைய இருக்கிறது, நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த மனிதரின் குரலைத்தானாம்.

வடை சுற்றி வந்த தாள் இன்னொரு கதை. இலங்கை ரயிலில் கடலையும் வடையும் பழைய அப்பியாசக் கொப்பியைக் கிழித்துத்தான் சுற்றித் தருவார்கள், ஏறியவர்களுக்குத் தெரியும். ஓர் அம்மா அந்த எண்ணெய்த் தாளை விரித்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஏதோ ஒரு பாடசாலைப் பிள்ளையின் தமிழ்க் கட்டுரை, 'எங்கள் வீட்டுப் பசு'. சிவப்பு மையில் இருபதுக்குப் பன்னிரண்டு. பசு நல்ல பசு, ஆனால் பால் எல்லாம் வேறு வீட்டுக்குப் போகிறது என்று பிள்ளை எழுதியிருந்தது. வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். பன்னிரண்டு போதாது, பதினாறாவது போட்டிருக்க வேண்டும் என்று அப்புத்தளை வரும்வரை என்னோடு சண்டை. புள்ளி போட்டவன் நானில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை.

அப்புத்தளை என்றதும் மேஜர் ரொஜர்ஸ் ஞாபகம் வருகிறார். தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தான். ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பெயர். 1845 ஜூனில் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். பதுளை சென் மார்க் தேவாலயம் அவர் ஞாபகமாகக் கட்டப்பட்டது. அவரைப் புதைத்தது நுவரெலியாவில். அங்கே கல்லறை மீதும் மின்னல் விழுந்தது என்று சொல்லி, பிளந்த கல்லைக் காட்டுவார்கள். வெள்ளைக்கார விருந்தினர்களுக்கு இந்தக் கதையில் அடங்காத ருசி. எங்கள் டிரைவர் அண்ணனுக்கோ பயம். வானம் கறுத்தால் அப்புத்தளையில் வானை நிறுத்தவே மாட்டார். "நீங்க யானை ஏதும் சுட்டிருக்கீங்களான்னு கேளு தம்பி, இல்லேன்னா நிப்பாட்டுறேன்" என்பார். கேட்டுச் சொன்னபிறகுதான் பிரேக் போடுவார். இதைக் கடிதத்தில் போட்டதிலிருந்து, வருகிறவர்கள் வானில் ஏறும்போதே "நான் யானை சுட்டதில்லை" என்று கையை உயர்த்திச் சத்தியம் பண்ணத் தொடங்கினார்கள்.

தோட்டப் பக்கம் வருவோம். தம்பேதன்னை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, சுற்றிக் காட்டி, அங்கிருந்து லிப்டன் சீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போவது எங்களுக்குச் சோறு போட்ட பயணம். தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தேயிலை மலைகளைப் பார்த்த இடம் என்பார்கள். விடிகாலையில் போனால் தெற்கே சமவெளி முழுக்கத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் போனால் முகில்தான். அந்த முகில் எப்போது ஏறும் என்பதை எங்களுக்குச் சொல்வது வானிலை அறிக்கை இல்லை, காலையில் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகிற அக்காமார். "இன்னிக்கு வெள்ளன மூடிரும், வெரசா போங்க" என்று அவர்கள் சொல்லிப் பிழைத்ததை நான் பார்த்ததில்லை.

ஊவாத் தேயிலைக்கு ஒரு காலம் உண்டு. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு இறங்கும். செடிக்குத் தண்ணீர்க் கஷ்டம், கொழுந்து குறையும், இலை காயும். அந்தக் கஷ்டத்தில்தான் இலைக்குள் ஒரு குளிர்ந்த வாசம் ஏறுகிறது. மெந்தோல் மாதிரி என்று தேயிலை சுவைக்கிறவர்கள் சொல்வார்கள், அதற்காக ஏலத்தில் விலை கூடும். ஒரு முறை அந்தத் தொழில்காரர் ஒருவரையே கூட்டிவந்தோம். ஸ்டோரில் வரிசையாக வைத்த கோப்பைகளை உறிஞ்சி உறிஞ்சித் துப்பி, அரை மணி நேரம் அந்த வாசத்தைப் பற்றிப் பேசினார். திரும்புகிற வழியில் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் ஓர் அக்கா எங்களை மறித்துச் சாயத்தண்ணி கொடுத்தார். ஸ்டோரிலிருந்து தொழிலாளருக்குக் கொடுக்கிற தூள், இஞ்சி, ஒரு கைப்பிடி சீனி. மனிதர் இரண்டு டம்ளர் குடித்தார், துப்பவில்லை. "இதில் மெந்தோல் இருக்கிறதா?" என்று முதலாளி கேட்டார். "தெரியவில்லை, சீனிக்கு அடியில் எது இருந்தாலும் தெரியாது" என்றார் அவர்.

கொழுந்து பறிக்கும் அனுபவம் என்று ஒன்றையும் முதலாளி பட்டியலில் சேர்த்தார். சேலை கட்டி, கூடையை நெற்றிப் பட்டியில் மாட்டி, மலையில் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை. என் அம்மா பிள்ளை சுமந்த வயிறோடு அந்தக் கூடையைச் சுமந்தவர். ஆனாலும் அதற்குத்தான் நிறையப் பேர் கேட்டு வந்தார்கள். ஒரு நாள் இரண்டு இளம்பெண்கள் ஒரு மணி நேரம் வெயிலில் பாடுபட்டுப் பறித்துக் கொண்டுவந்ததைக் கங்காணி நிறுத்துப் பார்த்தார். கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதிலும் பாதி முற்றல் இலை, பொறுக்கி எறிந்துவிட்டார். நாள் சம்பளத்துக்குப் பதினெட்டுக் கிலோ வேண்டும் என்று சொன்னதும் அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பக்கத்து நிரையில் நின்ற அம்மாயி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, இந்தப் புள்ளைங்களுக்குத் தொரை என்னா சம்பளம் குடுக்குறாரு?"

"சம்பளம் இல்ல அம்மாயி. அவங்கதான் காசு குடுத்துப் பறிக்கிறாங்க."

"எவ்வளவு?"

சொன்னேன். அது அவருடைய பல நாள் சம்பளம். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கூடையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நிரை நிரையாகச் செய்தி மலை முழுக்கப் போயிற்று, எல்லோரும் சிரித்தார்கள். "நாளைக்கு எங்க வீட்டுப் பாத்திரம் வெளக்க வரச்சொல்லு, கொறைச்சு வாங்கிக்கிறேன்" என்றார். அந்தப் பெண்கள் என்ன சிரிப்பு என்று கேட்டார்கள். சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள், பிறகு கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்கள். டிசம்பர்க் கடிதத்தில் கால் கிலோ கதை வந்தது. அம்மாயி சொன்னது வரவில்லை. இடம் போதவில்லை என்றார் முதலாளி.

எங்கள் கம்பனியின் உச்சமான நாள் என்று நான் நினைப்பது அதில் அரைகுறையாகவே வந்தது.

வெள்ளைக்காரத் துரைமாரின் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பங்களாவைத் தேடி வருவது எங்களுக்குப் பழக்கமான வியாபாரம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதோடு கடைசித் துரைமாரும் கப்பலேறிவிட்டார்கள். போனவர்கள் வீட்டு அலுமாரிகளில் படம் இருக்கிறது, டயரி இருக்கிறது, தோட்டத்துக் கணக்குக்கூட இருக்கிறது. இன்னொரு கூட்டமும் போயிருந்தது, தோட்டத் தொழிலாளர்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று கணக்கு. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, கூடலூர், கோத்தகிரி என்று மறுபடியும் தேயிலைக்கே போனவர்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகளுக்குக் கையில் கொஞ்சம் காசு வந்த பிறகு, அம்மா அப்பா பிறந்த இடத்தைப் பார்க்க ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். முதலாளி அதை எதிர்பார்க்கவில்லை. விலைப்பட்டியல் டொலரில் இருந்தது.

ஒரு நாள் இரண்டு கூட்டமும் ஒரே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. நமுனுகுலைப் பக்கம். இங்கிலாந்திலிருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கூடலூரிலிருந்து எழுபது வயதை எட்டிய ஓர் அம்மாவும் மகனும் மருமகளும் பேரனும். டீசலை மிச்சம் பிடிக்க முதலாளி எல்லோரையும் ஒரே வானில் ஏற்றிவிட்டார். வாந்தி வரும் என்று அந்த அம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். துரையின் பேரன் பின்னால் ஸ்பெயர் டயர் பக்கத்தில். "காலம் மாறிப்போச்சு" என்று டிரைவர் அண்ணன் கண்ணாடியைப் பார்த்து முணுமுணுத்தார்.

வெள்ளைக்காரரிடம் பங்களாவின் படம் இருந்தது. தோட்டக் கந்தோரில் காட்டினோம். யாருக்கும் தெரியவில்லை, இது பெரிய பங்களா இல்லை என்று மட்டும் சொன்னார்கள். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. அந்த அம்மா படத்தை வாங்கிக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது சின்னத்தொரை பங்களாவாச்சே. பின்னுக்குப் பீலி இருக்கும். அந்தா, அந்தச் சவுக்குமரத்துக்குக் கீழ."

நாற்பது வருடத்துக்கு மேல் மண்ணை மிதிக்காதவர் குறுக்குப் பாதையில் எங்களுக்கு முன்னால் நடந்தார். பங்களா இருந்தது. பாதிக் கூரை மாறியிருந்தது, முன் விறாந்தையில் தொட்டில்கள் தொங்கின. பிள்ளைக்காம்பராவாக்கிவிட்டார்கள். தாத்தாவின் சாய்மனைக் கதிரை இருந்த மூலையில் ஒரு குழந்தை பால் போத்தலோடு தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தாத்தாவைத் தெரியுமா என்று அந்த அம்மாவிடம் கேட்கச் சொன்னார்.

"தொரைய எங்க கண்ணால பாக்குறது, தலைய நிமுத்தினாத்தானே? நாயத் தெரியும். கறுப்பு நாய். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அதுக்குப் பதுளையிலேர்ந்து தப்பால்காரரு எறைச்சி தூக்கிட்டு வருவாரு. எங்க வீட்டுக்காரரக் கடிச்சுருச்சு, இந்தா இந்த எடத்துல."

தன் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினார். நான் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். தாத்தாவின் நாய் செய்த குற்றத்துக்காகக் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்பதாக, மரண வீட்டில் பேசுவதுபோல் பேசினார். அவருக்கு அது விளையாட்டில்லை. அம்மா சிரித்துவிட்டார்.

"விடச்சொல்லு தம்பி. கடிச்ச நாயும் செத்துச்சு, கடிபட்டவரும் போய்ச் சேந்துட்டாரு."

பிறகு அவருடைய லயத்தைத் தேடினோம். பங்களாவைக் கண்டுபிடித்தவருக்குத் தன் காம்பராவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வரிசை இருந்தது. நடுவில் இரண்டு காம்பரா இடிந்து, தகரம் போட்டு வேறு மாதிரி ஆகியிருந்தது. படமில்லை, காகிதமில்லை. கண்டியிலிருந்த இந்தியத் தூதரகக் கிளை கொடுத்த குடும்பக் கார்டைக் கூடலூரில் வெள்ளம் கொண்டுபோய்விட்டதாம். வாசற்படியில் நின்ற ஒரு பெண், "நீங்க யாரு வீடு?" என்று கேட்டார். அங்கிருந்து கேள்வி தொடங்கியது. எந்தக் கங்காணி, எந்த மாரியம்மன் திருவிழாவில் யார் கரகம் எடுத்தது, யார் வீட்டில் யாரைக் கட்டிக் கொடுத்தது என்று பின்னிப் பின்னிப் போய்க் கால் மணி நேரத்தில் இருவரும் ஒரு வகையில் அத்தை மருமகள் என்று முடிவாயிற்று. ரொட்டி சுட்டார்கள். கட்டைச் சம்பலைத் தின்ற வெள்ளைக்காரருக்குக் கண்ணீர் ஊற்றியது. பேரப்பையன் கைபேசியில் அதைப் படமெடுத்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டிய வான் இருட்டித்தான் புறப்பட்டது. டீசல் மிச்சம் பிடித்தது எல்லாம் அந்த நேரக் கூலியில் போயிற்று. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடக் கடிதத்தில் நாய்க்கு மன்னிப்புக் கேட்ட கதை முதற்பக்கத்தில் வந்தது, இங்கிலாந்திலிருந்து பதில் குவிந்தது. லயத்தில் நடந்தது வரவில்லை. அதை வாசித்துச் சிரிக்க முடியாது என்பது அவர் கணக்கு. அவர் நல்ல மனிதர், சம்பளம் பிந்தியதில்லை. ஆனால் அந்தக் கணக்கு தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அன்று லயத்து வாசலில் எழும்பிய சிரிப்பு, பங்களா விறாந்தையில் எழும்பியதைவிடப் பெரிது.

தமிழ்நாட்டிலிருந்து வேறு மாதிரியும் வந்தார்கள். மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற பிறகு, தெளிவத்தை எங்கே இருக்கிறது என்று கேட்டு வாசகர்கள் சிலர் தேடி வந்தார்கள். அவர் பிறந்தது ஹாலி-எலைப் பக்கத்து ஊவாக்கட்டவளையில், ஆசிரியராக இருந்தது தெளிவத்தைத் தோட்டத்தில். பதுளையிலிருந்து கிட்டத்தான். கதையில் வருகிற லயமா இது, கதையில் வருகிற ஸ்டோரா இது என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். வழிகாட்டப் போன தோட்டத்துப் பையன் அவர் கதைகளை வாசித்ததில்லை. அன்றிரவு என்னிடம் ஒரு புத்தகம் கேட்டு வாங்கிப் போனான். இன்னும் திருப்பித் தரவில்லை, நான் கேட்கவுமில்லை.

தொழில் பிறகு எப்படிப் போயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009இல் போர் முடிந்த பிறகு கூட்டம் ஏறியது. சீனத்து நீல ரயில் வந்தது, ஒன்பது வளைவுப் பாலம் உலகப் பிரசித்தமாயிற்று, எல்லவில் வீட்டுக்கு வீடு தங்குமிடம் முளைத்தது. எங்களைப் போன்ற சின்னக் கம்பனி தேவைப்படாத அளவுக்கு எல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்டது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள், அடுத்த வருடம் கொரோனா. முதலாளி வானை விற்றுவிட்டு மகளிடம் போய்விட்டார். 2022இல் டீசல் வரிசை நீண்டபோது, நல்ல வேளை வானை முந்தியே விற்றோம் என்று தொலைபேசியில் சொன்னார். அதுதான் அவர் சொன்ன கடைசிச் சிரிப்புச் செய்தி.

இப்போது 'பீக்கோ ட்ரெயில்' என்று கண்டி ஹந்தானையிலிருந்து தொடங்கி, அப்புத்தளை, எல்ல எல்லாம் சுற்றி நுவரெலியாவில் முடிகிற நடைபாதை வந்திருக்கிறது. 22 கட்டம், 300 கிலோமீற்றருக்கு மேல். பெரும்பாலும் பழைய தோட்டத்துப் பாதைகள். எங்கள் பையன்கள் இரண்டு பேர் அதில் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அட்டை எங்கே கடிக்கும், எந்தப் பீலித் தண்ணீரைக் குடிக்கலாம், எந்தக் குறுக்கில் போனால் மழைக்கு முன் ரோட்டுக்கு ஏறலாம் என்பதெல்லாம் அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அதற்கு இப்போது சம்பளம் கிடைக்கிறது. நல்லது.

கூடலூரிலோ கோத்தகிரியிலோ, சென்னையிலோ இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் 'சிலோனிலிருந்து வந்தவர்கள்' யாராவது இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர், அவர்கள் வாயில் வருகிறபடியே. எந்த டிவிசன், எத்தனை காம்பரா லயம், கங்காணி யார், கோயில் எந்தப் பக்கம், கோச்சி ஏறினது எந்த ஸ்டேசனில். படம் இருக்காது, காகிதம் இருக்காது, வாய்ச்சொல்தான் இருக்கும். "பதுளைப் பக்கம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தால் எங்கள் டிரைவர் அண்ணனாலும் கண்டுபிடிக்க முடியாது.